உபகாரச் சம்பளத்தில் தனியார் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை படிப்பில் முன்னேறுமா?

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் அவருடைய மகளுக்கு ஓர் அனைத்துலகப் பள்ளி முழுக் கட்டண உபகாரச் சம்பளம் தர முன்வந்திருக்கிறது. கணவர் லாரி ஓட்டுநர். தாயார் ஒரு சமையற்கூடத்தில் வேலை செய்கிறார். தங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் அத்தகைய பள்ளிகளில் உண்மையிலேயே படிப்பில் முன்னேறுகிறார்களா, அல்லது அருகிலிருக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்கே அனுப்பிவிடலாமா என்பது அவருடைய குழப்பம்.

சகோதரி, உங்கள் மகள் முன்னேற முடியும். ஆனால் இடம் கிடைத்த மாத்திரத்தில் முன்னேற்றமும் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். புதிய போதனாமொழியை அவள் முதல் இரண்டு ஆண்டுகளில் எப்படிக் கடக்கிறாள், அதைக் கடக்கப் பள்ளி எவ்வளவு நேரமும் எத்தனை ஆசிரியர்களும் ஒதுக்குகிறது என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. உங்கள் முடிவை அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தனியார் பள்ளிகளின் தேர்வு முடிவுகளைப் பார்த்து நாம் வியப்பதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. வீட்டில் நூலகமும், படித்த பெற்றோரும், தனிப்பட்ட டியூஷன் ஆசிரியரும் உள்ள பிள்ளைகள் அங்கே திரளும்போது முடிவுகள் நன்றாக இருப்பது இயல்பே. பீசா என்னும் அனைத்துலக மாணவர் மதிப்பீட்டில் தனியார் பள்ளி மாணவர்கள் பல நாடுகளில் கூடுதல் புள்ளிகள் பெறுகிறார்கள். குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால் அந்த இடைவெளியின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஆகவே, அந்தப் பள்ளியில் எத்தனை பேர் சிறப்புத் தேர்ச்சி பெற்றார்கள் என்பது உங்கள் கேள்விக்கு விடையாகாது. உங்கள் மகளைப் போன்ற பின்னணியிலிருந்து வந்தவர்கள் அதே பள்ளியில் என்ன ஆனார்கள் என்பதுதான் விடை. முன்னர் இதே உபகாரச் சம்பளத்தில் சேர்ந்த பிள்ளைகள் இப்போது எந்த வகுப்பில் இருக்கிறார்கள், எவரேனும் இடையில் விலகினார்களா, விலகியிருந்தால் என்ன காரணம் என்று பள்ளியிடம் நேரடியாகக் கேட்கத் தயங்காதீர்கள். அவர்களுள் ஒரு குடும்பத்தோடு பேச ஏற்பாடு செய்து தருமாறும் கேட்கலாம்.

இந்தப் பொருளில் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளுள் ஒன்று ஆந்திரப் பிரதேசத்தில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் அதனை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, விண்ணப்பித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளுள் குலுக்கல் முறையில் சிலருக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான பணச்சீட்டு 2008இல் வழங்கப்பட்டது. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைக் குலுக்கலே தீர்மானித்ததால், பின்னர் காணும் வேறுபாட்டைப் பெற்றோரின் வசதியோ ஆர்வமோ விளைவித்தது என்று சொல்ல வழியில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோது தெலுங்கிலும் கணிதத்திலும் இரு தரப்பினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தனியார் பள்ளிகள் கூடுதலாகக் கற்பித்த இந்தியில் மட்டும் பணச்சீட்டுப் பெற்றவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள்.

இதை மட்டும் படித்துவிட்டுத் தனியார் பள்ளியால் பயனில்லை என்று முடிவு கட்டுவது அவசரமாகும். அந்தப் பள்ளிகள் தெலுங்குக்கும் கணிதத்துக்கும் குறைந்த நேரமே ஒதுக்கின. எஞ்சிய நேரத்தை வேறு பாடங்களுக்குச் செலவிட்டன. ஒரு மாணவருக்கான செலவோ அரசுப் பள்ளியின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். குறைந்த நேரத்தில், குறைந்த செலவில் அதே அடைவுநிலையை எட்டினார்கள் என்பது அவர்களுடைய திறமைக்குச் சான்று. ஆனால் உங்களுக்கு முக்கியமானது அந்த ஆய்வில் உள்ள இன்னொரு செய்தி. தெலுங்கு வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு மாறியபோது மொழி அல்லாத பாடங்களிலும் தடுமாறும் போக்கு தென்பட்டது. தெலுங்கு வழித் தனியார் பள்ளிக்குச் சென்றவர்களிடம் அந்தத் தடுமாற்றம் காணப்படவில்லை. ஆய்வாளர்கள் இதனை உறுதியான முடிவாகக் கூறாமல் ஓர் அறிகுறியாகவே முன்வைத்தார்கள். நான் இங்கே கவனித்துவரும் பிள்ளைகளின் அனுபவமும் அதே திசையைத்தான் காட்டுகிறது.

கொலம்பியா நாட்டின் அனுபவம் இதைவிட நம்பிக்கை தருவது. 1991இல் அங்கே தொடங்கிய திட்டத்தில் 125,000க்கும் மேற்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் இடைநிலைப்பள்ளிக் கட்டணத்தில் ஏறத்தாழ பாதியை ஈடுகட்டும் உதவி கிடைத்தது. பல நகரங்களில் குலுக்கல் முறையே பின்பற்றப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, குலுக்கலில் வென்றவர்கள் எட்டாம் வகுப்பை முடித்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. தேர்வுப் புள்ளிகளும் உயர்ந்திருந்தன. அங்கே போதனாமொழி மாறவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வீட்டிலும் ஸ்பானிய மொழி, வகுப்பிலும் ஸ்பானிய மொழி. தேர்ச்சி பெற்று அடுத்த வகுப்புக்குச் சென்றால் உதவி தொடரும் என்ற எளிய நிபந்தனையும் பிள்ளைகளுக்கு ஓர் உந்துதலாக இருந்தது.

எதிர்த் திசையில் நிற்பது அமெரிக்காவின் லூயிசியானா மாநிலம். 2012இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட அத்தகைய திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளின் கணித அடைவு முதல் ஆண்டிலேயே வெகுவாகச் சரிந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்த பள்ளிகளே காலி இடங்களை நிரப்ப அத்திட்டத்தில் அதிகமாகச் சேர்ந்தன என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிள்ளைக்கு இடம் தரும் பள்ளி எத்தன்மையது, ஏன் தருகிறது என்று விசாரிக்க வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும். கோலாலம்பூரில் 2012இல் மலேசிய மாணவர்களுக்கான விழுக்காட்டு வரம்பு நீக்கப்பட்ட பிறகு அனைத்துலகப் பள்ளிகள் பல்கிப் பெருகிவிட்டன. அவற்றின் தரமும் ஒரே மாதிரியானதன்று. ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கும் பள்ளி என்றால், இலவசமாகவே கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ்நாட்டு உறவினர்கள் வழியாக அங்குள்ள 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த இந்தியக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் அந்த அளவு இடங்களை நலிவுற்ற பிரிவினருக்கு ஒதுக்கக் கட்டளையிடுகிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் நிலைமைக்கும் அதற்கும் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. அங்கே பிள்ளைகள் சிறு வயதிலேயே சேர்கிறார்கள். எல்லாரும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவத்தில் மொழியின் இடைவெளி சிறியது. உங்கள் மகளோ, மற்றவர்கள் கட்டுரை எழுதும் பருவத்தில் நுழைகிறாள். இரண்டாவது, அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணமும் குடும்பத்தின் தலையில் விழும்போது பெற்றோர் திகைத்து நிற்கிறார்கள். உங்களுக்கு வழங்கப்படும் உபகாரச் சம்பளம் இறுதித் தேர்வு ஆண்டுவரை தொடருமா என்பதை எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வசதியான பிள்ளைகள் நடுவே மகள் ஒடுங்கிப்போய்விடுவாளோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. டெல்லித் தனியார் பள்ளிகளில் 2007க்குப் பிறகு ஏழைப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டதன் விளைவை ஆராய்ந்த கௌதம் ராவ், அவர்களோடு ஒரே வகுப்பில் பயின்ற செல்வந்தப் பிள்ளைகள் கூடுதலான ஈகைக் குணமும் குறைவான பாகுபாட்டு எண்ணமும் கொண்டவர்களாக மாறியிருந்ததைக் கண்டறிந்தார். இந்தியிலும் கணிதத்திலும் அவர்களுடைய படிப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறிய சரிவு தென்பட்டது. ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தால் நட்பு உருவாகும். உதவி பெறும் பிள்ளைகளைத் தனிப் பிரிவாக ஒதுக்கும் பள்ளியில் அது நடக்காது. வகுப்புப் பிரிவு எப்படி அமைக்கப்படுகிறது என்பதையும் கேட்டு வையுங்கள்.

இனி மொழிக்கு வருகிறேன். கனடாவின் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் நெடுநாளைக்கு முன்பே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தினார். புதிய மொழியில் நண்பர்களோடு சரளமாகப் பேசும் திறன் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். அந்த மொழியிலேயே பாடநூலைப் படித்துப் புரிந்து, காரணம் காட்டி எழுதும் திறன் வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். பேச்சில் தயக்கம் நீங்கிய பிள்ளையைப் பார்த்துவிட்டு, மொழிப் பிரச்சினை தீர்ந்தது என்று ஆசிரியரும் பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். அதே பிள்ளை அறிவியலில் பின்தங்கும்போது, திறமை அவ்வளவுதான் என்ற முடிவுக்கு வருகிறார்கள். இந்த ஓர் அநீதியைத் தடுத்தாலே பல பிள்ளைகளின் எதிர்காலம் மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியலும் கணிதமும் கற்ற பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை. ஒளிச்சேர்க்கையையும் பின்னத்தையும் ஒருமுறை நன்றாகப் புரிந்துகொண்டவளுக்கு அக்கருத்துகளை இன்னொரு மொழியில் மீண்டும் புரிய வைக்கத் தேவையில்லை. புதிய சொற்களை அவற்றோடு இணைத்துக்கொடுத்தால் போதும். ஆகவே ஐந்தாம், ஆறாம் ஆண்டு அறிவியல், கணிதப் பாடநூல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிய பள்ளியில் ஒரு தலைப்பு தொடங்கும்போது முதலில் பழைய நூலில் அதே தலைப்பைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளின் தமிழ்ப்பள்ளியில் இருமொழிப் பாடத்திட்டம் நடப்பில் இருந்து, அவள் அவ்விரு பாடங்களையும் ஆங்கிலத்திலேயே படித்திருந்தால், பாதித் தடை ஏற்கெனவே நீங்கியது.

தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுள் மலாய்மொழியில் தேவையான நிலையை எட்டாதவர்களுக்குப் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டு ஏற்பாடு உண்டு. அனைத்துலகப் பள்ளியில் அப்படிப்பட்ட ஓராண்டு தானாகக் கிடைப்பதில்லை. பள்ளியில் ஆங்கில ஆதரவு வகுப்பு உள்ளதா, வாரத்திற்கு எத்தனை மணி நேரம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, அந்தக் கட்டணத்தை உபகாரச் சம்பளம் ஈடுகட்டுமா என்று கேளுங்கள். இன்னொரு முக்கியமான வேண்டுகோளையும் முன்வையுங்கள். நம் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளையை, பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றும் பள்ளிகள் வயதுக் கணக்குப்படி எட்டாம் ஆண்டில் சேர்க்க முனையலாம். ஏழாம் ஆண்டில் சேர்க்குமாறு கேளுங்கள். அப்பள்ளிகளின் பதினொன்றாம் ஆண்டு இறுதித் தேர்வான ஐஜிசிஎஸ்இக்குரிய பாடங்கள் பொதுவாகப் பத்தாம் ஆண்டில் தொடங்குவதால், மொழியைப் பிடித்துக்கொள்ள இரண்டுக்குப் பதில் மூன்று ஆண்டுகள் கிடைக்கும். ஓர் ஆண்டு வீணாகிறதே என்று உறவினர்கள் சொல்வார்கள். அதற்குச் செவிசாய்க்க வேண்டாம்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்பதிலும் கவனம் தேவை. முதல் ஆண்டில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று பார்ப்பதில் பொருளில்லை. தவணை தொடக்கத்தில் எழுதிய ஒரு பக்கத்தையும், தவணை முடிவில் எழுதிய ஒரு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆங்கிலம் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கணிதத் தாளில் வெறும் கணக்குகளையும் வாக்கியக் கணக்குகளையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். கூட்டல், பெருக்கல், பின்னம் எல்லாம் சரியாக இருந்து வாக்கியக் கணக்குகள் மட்டும் தவறினால் அது மொழிச் சிக்கல்; பொறுமையும் வாசிப்பும் அதைச் சரிசெய்யும். வெறும் கணக்குகளே தவறினால் தொடக்கப்பள்ளி அடிப்படையில் ஓட்டை இருக்கிறது. அதற்கு எவ்வளவு ஆங்கில வகுப்பு வைத்தாலும் பயனில்லை, நான்காம் ஆண்டுப் பாடத்திலிருந்து மீண்டும் சொல்லித்தர ஆள் வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான டியூஷனுக்குப் பணம் கொட்டும் குடும்பங்கள் ஏராளம். ஆசிரியர் சந்திப்பில் பிள்ளை அமைதியானவள், நல்ல பழக்கம் உடையவள் என்று மட்டும் சொல்லப்பட்டால் அதோடு எழுந்துவிடாதீர்கள். வகுப்பில் அவள் கடைசியாக எப்போது கேள்வி கேட்டாள் என்று கேளுங்கள். புரியாததை மறைக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஐஜிசிஎஸ்இ வழியில் செல்லும் பிள்ளைகள், தேசியப் பள்ளி மாணவர்கள் ஐந்தாம் படிவத்தில் எழுதும் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம்.மை விட்டுவிடுகிறார்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம் ஆகிய, பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் செலவு குறைந்த வழிகள் எஸ்.பி.எம். முடிவைக் கொண்டே திறக்கின்றன; பொதுச் சேவை வேலைக்கும் எஸ்.பி.எம். மலாய்மொழி கேட்கப்படுகிறது. வசதியான குடும்பத்துப் பிள்ளைக்கு இவை அடைபட்டாலும் தனியார் கல்லூரி காத்திருக்கும். நம் பிள்ளைக்கு அந்த மாற்று வழி கிடையாது. ஆகவே தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி எஸ்.பி.எம். எழுதவைக்கும் தனியார் பள்ளி ஒன்றில் இதே உதவி கிடைத்தால், பி40 எனப்படும் குறைந்த வருமானப் பிரிவுக் குடும்பத்துக்கு அதுவே மேல் என்பேன். அனைத்துலகப் பள்ளியே என்றால், பதினொன்றாம் ஆண்டுக்குப் பிறகு எந்த வழியில், யாருடைய செலவில் மேற்படிப்பு என்பதை இப்போதே பேசிவிடுங்கள். மலாய்மொழியை இடையில் கைவிடாமல் எஸ்.பி.எம். தரத்துக்கு வளர்த்து, தனியார் விண்ணப்பதாரராக அந்தத் தாளையேனும் எழுதவையுங்கள். தமிழ் அந்தப் பள்ளியில் இருக்காது. வார இறுதியில் வீட்டிலேயே தமிழ் வாசிப்பைத் தொடர்ந்தால், எஸ்.பி.எம். தமிழ்த் தாளையும் பின்னர் எழுதலாம்.

கட்டணம் இலவசம் என்பதால் செலவில்லை என்று பொருளல்ல. பள்ளி வேன், சீருடை, மடிக்கணினி, பாடப் பயணங்கள், மதிய உணவு, பாடத்துக்குப் பாடம் தனியாகச் செலுத்த வேண்டிய ஐஜிசிஎஸ்இ தேர்வுக் கட்டணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, எவற்றைப் பள்ளி ஏற்கிறது என்று கையொப்பத்தோடு வாங்குங்கள். புள்ளி நிபந்தனை இருந்தால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதைத் தளர்த்துமாறு கேளுங்கள். மொழி மாறிய பிள்ளையிடம் முதல் தவணையிலேயே உயர்ந்த புள்ளிகளை எதிர்பார்ப்பது முறையன்று.

வீட்டுச் சூழலையும் நான் விட்டுவிட முடியாது. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்ததைக் கண்டது. இந்த மாநகரின் நடுவே, கோபுரங்களின் நிழலில் இப்படி ஒரு நிலைமை இருப்பது நம் அனைவரையும் உறுத்த வேண்டும். தூக்கமும் உணவும் போதாத பிள்ளைக்கு எந்தப் பள்ளியும் போதாது. தூரத்துப் பள்ளிக்காக விடியற்காலை வேனுக்குக் காத்து நின்று மாலை நெரிசலில் திரும்பும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் செய்யத் தெம்பிருக்காது. போக்குவரத்து நேரத்தை ஒரு வேலைநாளில் நீங்களே பயணம் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தேசிய இடைநிலைப்பள்ளியைத் தோல்வியின் இடமாகவும் பார்க்க வேண்டாம். டாக்டர் எம். தம்பிராஜா அவர்களின் முயற்சியால் 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்புகள் நடத்தி, தோட்டப்புறத்திலிருந்தும் அடுக்குமாடிகளிலிருந்தும் எத்தனையோ பேரைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுசென்றிருக்கிறது. அவர்கள் அரசாங்கப் பள்ளிகளில் படித்தவர்களே. பள்ளிக்கு வெளியே ஒழுங்கான துணை இருந்தால் அந்த வழியும் நன்றாகச் செல்லும். ஆங்கில ஆதரவு வகுப்பு இல்லை, ஏழாம் ஆண்டில் சேர்க்க மாட்டோம், உதவி ஒவ்வோர் ஆண்டும் மறுபரிசீலனைக்கு உட்பட்டது என்று அந்தப் பள்ளி சொன்னால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு முதலாம் படிவத்துக்கே அனுப்புவேன். இம்மூன்றுக்கும் எழுத்தில் நல்ல பதில் வந்தால் மகளைத் தயக்கமின்றிச் சேர்த்துவிடுங்கள்.

சேர்த்த பிறகு ஒரு காலவரம்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் ஆண்டு முடியும்போது அவளால் பாடநூலைத் தானே படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றால், அப்போதே தேசியப் பள்ளிக்கு மாற்றுவதைப் பற்றி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். நான்காம் படிவத்தில் எஸ்.பி.எம். பாடத் தொகுப்பு முடிவாகிவிடும். இடைப்பட்ட ஆண்டுகளில் மலாய்மொழியையும் வரலாற்றையும் தொடாத பிள்ளைக்கு அதன் பிறகு மாறுவது மிகக் கடினம். மூன்றாம் படிவத் தொடக்கத்திலேயே மாறினால் அவ்விரு பாடங்களையும் பிடித்துக்கொள்ள அவளுக்கு முழுதாக ஓர் ஆண்டு கிடைக்கும்.